பர்வதங்களுக்கு நேராகக் கண்ணை ஏறெடுக்க மாட்டேங்கிற அம்மா

ஊவாப்பிள்ளை
ஜனவரி 17, 2026, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். இங்க வாசிக்கிறதோட சரி, இதுவரைக்கும் எழுதினதில்ல. எழுத்துப் பிழை இருந்தா மன்னிச்சுக்கோங்க.

எங்க வீடு பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல. நான் கொழும்புல ஹார்ட்வெயார் கடையில நிக்கிறேன். நவம்பர் 27 ராத்திரி, டிட்வா புயல் மழையில, எங்க பணிய லயத்துக்கு, அதான் கீழ் வரிசை வீடுகளுக்கு, மேல இருந்த மலை இறங்கிருச்சு. அம்மா தப்பிச்சாங்க. குசினிக்குள்ள தண்ணி வந்ததால முன்னாடியே மேல் லயத்துக்கு ஏறிட்டாங்க. கூடவே கிளம்பின பக்கத்து காம்பரா வீட்டு அத்தை, "மாட்டை அவுத்து விட்டுட்டு வாறேன், நீ போ"ன்னு திரும்பிப் போயிருக்காங்க. மூணாம் நாள்தான் எடுத்தாங்க. அவங்களும் அம்மாவும் முப்பது வருசமா ஒரே மலையில பக்கத்துப் பக்கத்து நிரையில கொழுந்து எடுத்தவங்க. அத்தை மாரியம்மன் கோயில், நாங்க வேதக் கோயில், அதாவது சர்ச். அது ரெண்டு பேருக்கும் ஒருநாளும் ஒரு விசயமா இருந்ததில்ல.

அம்மா கையில எடுத்துக்கிட்டு ஓடினது ஒரு பிஸ்கட் டின். எங்க பிறப்புச் சான்றிதழ், ஐடென்டி, அப்பாவோட ஈபிஎஃப் தாள், தாத்தாவோட பிரஜாவுரிமைப் பத்திரம் எல்லாம் அதுக்குள்ள. வேதப்புத்தகம் ரேடியோ தட்டுல இருந்துச்சு. அதை எடுக்கல. "தாளை எடுத்தேன், வேதத்தை விட்டுட்டேன்"னு இப்பவும் சொல்லிக்கிட்டே இருக்காங்க.

கேம்ப்ல இருந்தப்போ டவுன் பக்கத்துல இருந்து ஒரு ஊழியக்காரர் சவுக்காரம், நூடுல்ஸ் எல்லாம் கொண்டுவந்து கொடுத்தார். அது நல்ல விசயம், குறை சொல்லல. பிறகு பிரசங்கம். இந்த மலையில நடந்த பாவத்துக்கு வந்த நியாயத்தீர்ப்புன்னார். அவர் கூட வந்த ஒருத்தர் சாட்சி சொன்னார்: "கர்த்தர் என் வீட்டு வாசல்படியில மண்ணை நிறுத்தினார்." எல்லாரும் அல்லேலூயா சொன்னாங்க. அம்மா எழும்பி வெளிய போய் தட்டைக் கழுவ ஆரம்பிச்சாங்க. ஏற்கனவே கழுவின தட்டு.

அப்பா செத்ததுல இருந்து தினமும் பொழுதுபட 121ஆம் சங்கீதம் வாசிக்கிறது எங்க வீட்டு வழக்கம். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்." இப்ப அதை ஆரம்பிச்சாலே அம்மா கையைக் காட்டி நிப்பாட்டுறாங்க. "ஒத்தாசை வர்ற மலையா அது? அது வந்து என்ன செஞ்சிச்சுன்னு நான்தான் பாத்தேனே."

நான் என்ன சொல்றது? தயவுசெஞ்சு வசனம் மட்டும் அனுப்பாதீங்க.

---

ஜெயஜீவியம்
ஜனவரி 17, இரவு 11.02

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் பிரதர். ரோமர் 8:28. "அவருடைய தீர்மானத்தின்படி அழைக்கப்பட்டவர்களாய் தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறதென்று அறிந்திருக்கிறோம்." அம்மாவுக்கு இதைத் தினமும் காலையில மூணு முறை சத்தமா அறிக்கை பண்ணச் சொல்லுங்க. சத்துரு விசுவாசத்தைத் திருட இடம் கொடுக்காதீங்க.

---

சும்மாஒருத்தன்
ஜனவரி 17, இரவு 11.09

வசனம் மட்டும் அனுப்பாதீங்கன்னு அவன் எழுதி 29 நிமிசம்தான் ஆகுது.

---

ஹட்டன்_செபமாலை
ஜனவரி 18, காலை 6.15

தம்பி, நான் கத்தோலிக்கம். உங்க பைபிளும் எங்க பைபிளும் மொழிபெயர்ப்பில கொஞ்சம் வேற வேற, அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நேத்து ராத்திரி உங்க பதிவை வாசிச்சிட்டு எங்க புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதில அந்த முதல் வரி இப்படி இருக்கு: "மலைகளை நோக்கி என் கண்களை உயர்த்துகின்றேன்! எங்கிருந்து எனக்கு உதவி வரும்?"

கேள்வி, தம்பி. உங்க அம்மா இத்தனை வருசமா பதிலா வாசிச்ச வரி எங்க புத்தகத்தில கேள்வியா நிக்குது. எபிரேயத்திலயும் அது கேள்விதான்னு எங்க பழைய ஃபாதர் ஒருத்தர் தவக்காலத் தியானத்தில சொன்னது ஞாபகம் இருக்கு. எருசலேமுக்கு நடந்து போற யாத்திரைக்காரன் மலையைப் பார்த்துப் பாடுறது அது. அந்தக் காலத்து மலை நம்ம போஸ்ட்கார்ட் மலை இல்ல. கள்ளன் ஒளிஞ்சிருக்கிற மலை, கால் வழுக்குற மலை. அதனாலதான் மூணாம் வசனத்திலயே "உம் கால் இடறாதபடி"ன்னு வருது. மலையைப் பார்த்தா அவனுக்கு அடிவயிறு கலங்குது. ஒத்தாசை மலையில இருந்து வருதுன்னு அவன் சொல்லல. ரெண்டாம் வசனத்தில, மலையை உண்டாக்கினவர்கிட்ட இருந்து வரும்ங்கிறான்.

உங்க அம்மா இப்ப கேக்கிறதும் அந்த முதல் வரியைத்தான். சங்கீதத்தை விட்டு அவங்க வெளிய போகல.

---

ஊவாப்பிள்ளை
ஜனவரி 18, காலை 7.30

அக்கா, இதை நான் யோசிச்சதே இல்ல. போன்ல சொல்லிப் பாக்கிறேன்.

---

சும்மாஒருத்தன்
ஜனவரி 18, பகல் 1.20

நான் வேதக் கோயிலை விட்டு வெளிய வந்து பதினஞ்சு வருசம். அதனால நான் சொல்றதை எல்லாரும் உப்புப் போட்டே வாசிங்க.

மச்சான், மண்சரிவுக்குக் காரணம் பாவம் இல்ல. கான், அதான் வடிகால். பழைய தோட்டத்துல கான்வெட்டுன்னு தனி வேலை இருந்துச்சு, எங்க தாத்தா அதுலயே பேர் போட்டவர். மலையைச் சுத்திக் குறுக்குக் கான் வெட்டி மழைத்தண்ணியை ஓடைக்குத் திருப்பி விடணும். கான் அடைபட்டா தண்ணி வெளிய போகாது, மண்ணுக்குள்ள இறங்கும். மண் ஊறி ஊறிப் பாரம் ஏறும், அடியில இருக்கிற பாறையில ஒட்டாம வழுக்கும். அதுக்கு முன்னாடி அடையாளம் காட்டும். ஊத்துத் தண்ணி கலங்கலா வரும், மரம் சாயும், சுவர்ல வெடிப்பு ஓடும், கதவு நிலையில இறுகும். உங்க வீட்டுல எதாச்சும் அப்படி இருந்துச்சா?

2014 அக்டோபர் 29 காலையில கொஸ்லாந்த மீரியபெத்தையில லயங்களோட மண் இறங்குச்சு. அந்த மலை ஆபத்துன்னு முன்னாடியே சொல்லியிருந்தாங்க. போறதுக்கு வேற இடம்தான் இல்ல. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைங்க திரும்பி வந்து பார்த்தா வீடு இருந்த இடம் இல்ல. அதுக்குப் பிறகு பதினொரு வருசம் கழிச்சு டிட்வா. நாடு முழுக்க 600 பேருக்கு மேல செத்தாங்க. கண்டி, நுவரெலியா, பதுளை மூணும்தான் கூட அடிபட்டது. அதே மாதிரி மலைக்கு அடியில அதே மாதிரி லயம்.

இதை "தேவ சித்தம்"னு சொல்றவனுக்குக் கான் வெட்டுற செலவு மிச்சம். அவ்வளவுதான்.

---

ஊவாப்பிள்ளை
ஜனவரி 18, பகல் 2.05

அண்ணே, குசினிக் கதவு செப்டம்பர்ல இருந்து சாத்த முடியாம இறுகி இருந்துச்சு. மழைக்குப் பலகை ஊதிருச்சுன்னு நினைச்சு நான் தீபாவளிக்குப் போனப்போ சீவுளி வெச்சு சீவிக் கொடுத்தேன்.

நான் ஹார்ட்வெயார் கடையில வேலை செய்றவன்.

---

சும்மாஒருத்தன்
ஜனவரி 18, பகல் 2.11

டேய், அதைக் கேட்டிருக்கக்கூடாது நான். உனக்கு எப்படித் தெரியும். யாரும் சொல்லிக்கொடுக்கல. மன்னிச்சுக்க.

---

ஜெயஜீவியம்
ஜனவரி 18, இரவு 8.45

கான் அடைபட்டது உண்மையா இருக்கலாம். நான் மறுக்கல. ஆனா தேவன் அனுமதிக்காம ஒரு அடைக்கலான் குருவியும் தரையில விழாது. லூக்கா 13ல சீலோவாம் கோபுரம் விழுந்ததைப் பத்தி இயேசு பேசும்போது "நீங்கள் மனந்திரும்பாமற்போனால் எல்லாரும் அப்படியே கெட்டுப்போவீர்கள்"னுதான் முடிக்கிறார். அதைச் சொல்ல ஊழியக்காரருக்கு உரிமை இல்லையா? உண்மையைச் சொன்னா கசக்கும்.

---

பழையவாத்தியார்
ஜனவரி 19, காலை 9.10

தம்பி ஜெயஜீவியம், அந்தப் பகுதியை முழுதாக வாசியுங்கள். கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். "எருசலேமில் குடியிருக்கிற மனுஷரெல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ?" என்று ஆண்டவர் கேட்கிறார். அப்படியல்ல என்று அவரே பதிலும் சொல்கிறார். மனந்திரும்பச் சொன்னது யாருக்கு? நின்று கதை கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு. கல்லுக்கு அடியில் கிடந்தவர்களைப் பற்றி அவர் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை. அந்த ஊழியக்காரர் வசனத்தை எடுத்தார், ஆனால் திசையை மாற்றிப் பிடித்துவிட்டார். மனந்திரும்பு என்று சொல்ல வேண்டியிருந்தால் மண் மூடாத எங்களுக்குச் சொல்லியிருக்கலாம். கான் வெட்டாதவர்களுக்கும் சொல்லியிருக்கலாம், அதில் சும்மாஒருத்தனும் நானும் ஒரே கட்சி.

இனி அம்மா விஷயம். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1974இல் எனக்குப் பதினாறு வயது. தோட்டங்களில் பட்டினி கிடந்த காலம் அது. அரிசி இல்லை, மா இல்லை, பாணுக்கு விடியற்காலம் கியூ. மரவள்ளியும் காட்டுக்கீரையும் தின்றோம். என் கடைசித் தங்கச்சிக்கு ரெண்டு வயது. வயிற்றுப்போக்கு வந்து நாலு நாளில் போய்விட்டாள். பெட்டி அடிக்கப் பலகை இல்லாமல் ஸ்டோரிலிருந்து ஒரு பழைய தேயிலைப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். பெட்டியின் பக்கவாட்டில் தோட்டத்து மார்க் அச்சடித்திருந்தது. அந்தப் பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தார் அப்பா.

அம்மா கோயிலில் பாட்டுக்காரி. எங்கள் தோட்டத்துச் சின்னக் கோயிலில் ஆர்மோனியம் கிடையாது, அம்மா எடுத்துக்கொடுக்கிற சுருதிதான் எல்லாருக்கும். தங்கச்சி போன பிறகு ஒரு வருசத்துக்கு மேல் அம்மா பாடவில்லை. ஆனால் ஞாயிறு தவறாமல் போய் அதே பாயில் உட்காருவாள். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மடியில் வைத்துக்கொள்வாள், வாய் அசையாது. பக்கத்தில் இருந்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏன் பாடவில்லை என்று கேட்கவில்லை. அவர்கள் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். சுருதி கண்டபடி போகும், சகிக்காது. ஆனால் பாட்டு நிற்கவில்லை.

எங்கள் உபதேசியார் சனிக்கிழமை பொழுதுபட வருவார். கையில் ஒரு போத்தல் மண்ணெண்ணெய் இருக்கும். இஸ்தோப்புத் திண்ணையில் குந்தி வெற்றிலை போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டுப் போவார். பேசமாட்டார். யோபுவின் சிநேகிதர்களை எல்லாரும் திட்டுவார்கள். ஆனால் அவர்கள் முதல் ஏழு நாள் ஒரு வார்த்தையும் பேசாமல் தரையில் அவனோடு உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் தேவன் கோபித்துக்கொண்டதும் தமக்காக வக்காலத்து வாங்கிய அந்தச் சிநேகிதர்கள் மேல்தான், தம்மோடு சண்டை போட்ட யோபு மேல் அல்ல. யோபு 42:7ஐப் பாருங்கள். பிரசங்கிமார் அந்த வசனத்துக்கு அதிகம் போவதில்லை.

அம்மா பிறகு பாடினாளா என்று கேட்பீர்கள். பாடினாள். எப்போது, எதனால் என்று எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு சுருதி சரியாக இருந்தது, அவ்வளவுதான்.

---

பழையவாத்தியார்
ஜனவரி 19, காலை 9.38

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்த பிஸ்கட் டின்.

தம்பி, உங்கள் அம்மா தாளை எடுத்ததற்கு வெட்கப்பட வேண்டியதே இல்லை என்று சொல்லுங்கள். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து மலையகத் தமிழரான நம்மவர்களை ஒரே நாளில் நாடில்லாதவர்களாக ஆக்கியது. 1964இல் இந்தியாவோடு போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இங்கே என்று ஆடு மாடு மாதிரிப் பங்கு போட்டார்கள். என் பெரியம்மா குடும்பத்தைத் தலைமன்னார் கோச்சியில் ஏற்றிவிட்டபோது ஸ்டேஷனே ஒப்பாரியாக இருந்தது. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003இல்தான் வந்தது. தாள் இல்லாதவனுக்கு இந்த மலையில் என்ன நடக்கும் என்று மூன்று தலைமுறைக்குத் தெரியும். அந்த டின்னை எடுத்தது உங்கள் அம்மாவின் கை மட்டும் இல்லை. உங்கள் பாட்டியின் கையும் அதில் இருந்தது.

வேதம் கடையில் கிடைக்கும். தாத்தாவின் பத்திரம் எந்தக் கடையில் கிடைக்கும்?

---

குவைத்தில்_இருந்து
ஜனவரி 19, இரவு 11.50

வாத்தியார் சேர் எழுதினதை வாசிச்சிட்டு பாத்ரூமுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டு அழுதேன். இங்க அழுறதுக்கு அந்த இடம்தான்.

நான் மஸ்கெலியா. ஏழு வருசம் ஆச்சு வந்து. நம்பிக்கை இருக்கா இல்லையான்னு யோசிக்கவே எனக்கு வெள்ளிக்கிழமை ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும், அதுவும் மேடம் வெளிய போனா. போன்ல எங்க கோயில் ஆராதனையைப் போட்டுக் காதில மாட்டிக்கிட்டு துணி அயன் பண்ணுவேன். சில கிழமை ஒரு வார்த்தையும் உள்ள இறங்காது. மகளுக்குச் சொல்லி வெச்சிருக்கேன், அம்மாவுக்கு வாய் வராத நாள்ல நீ எனக்கும் சேர்த்துச் சொல்லிரு மகளேன்னு. அவளுக்கு பதினோரு வயசு. "சரி"ன்னு சொல்லி ரெண்டு தரம் பரமண்டல ஜெபம் சொல்றாளாம். ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு எனக்கு.

தம்பி, உங்க அம்மாவுக்குப் பதிலா நீங்க 121 சொல்லிக்கிட்டிருங்க. கொழும்புல இருந்தே சொல்லுங்க.

---

ஊவாப்பிள்ளை
ஜனவரி 21, இரவு 9.15

அம்மாகிட்ட பேசினேன். கேள்வின்னு சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. போன் கட் ஆயிருச்சோன்னு பார்த்தேன். பிறகு "அப்ப நம்ம புத்தகத்துல ஏன் அப்படிப் போடல?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. சேருக்குத் தெரிஞ்சா சொல்லுங்க.

இன்னொண்ணும் கேட்டாங்க. அதுதான் எனக்குத் தூக்கம் வரல. "அவ எங்கடா போயிருப்பா?" அத்தையைத்தான். அந்த ஊழியக்காரர் சொன்னது மனசுல இருக்கு.

---

மட்டுறுத்துநர்
ஜனவரி 22, காலை 8.00

நேற்றிரவு இந்த இடத்தில் எழுதப்பட்ட ஆறு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. இறந்துபோன ஒரு பெண் மோட்சம் போவாரா மாட்டாரா என்று இங்கே வாக்கெடுப்பு நடத்த முடியாது. அவரை அத்தை என்று கூப்பிட்ட பிள்ளை இதை வாசிக்கிறான்.

---

ஹட்டன்_செபமாலை
ஜனவரி 22, காலை 10.25

நன்றி, மட்டுறுத்துநர்.

தம்பி, அம்மாகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. நாலு கால் சீவனை நனைய விட மனசில்லாம திரும்பிப் போனவளை, நல்ல மேய்ப்பன்னு பேர் எடுத்தவர் எப்படிப் பார்ப்பார்? தீர்ப்பு அவர் கையில. அவர் கையை நான் நம்புறேன். அதுக்கு மேல எனக்கும் தெரியாது, தெரிஞ்சதா நடிக்கவும் விரும்பல.

போன கிழமை 16ஆம் திகதி புனித யோசேப்பு வாஸ் திருநாள். 1711இல அதே நாள்ல கண்டியில செத்தவர். கண்டிக்கு வந்ததும் ஒற்றன்னு சொல்லி அடைச்சு வெச்சாங்க. 1697இல கண்டியில அம்மை பரவினப்போ ராசா முதற்கொண்டு ஊரே ஓடிப்போச்சு. நோயாளியைக் காட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்தாங்க சொந்தக்காரங்களே. இவர் ஆள் போன வீடுகளை ஆசுபத்திரி ஆக்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, புண்ணைக் கழுவி, செத்தவங்களைப் புதைச்சார். பௌத்தரா வேதக்காரரா, அவர் பார்க்கல. அம்மை ஏன் வந்துச்சுன்னு அவர் செய்த பிரசங்கம் எதையும் யாரும் சொல்லி நான் கேட்டதில்ல. கஞ்சியைத்தான் சொல்லுவாங்க. 2015இல பாப்பரசர் காலிமுகத்திடல்ல வெச்சு அவரைப் புனிதர்னு அறிவிச்சப்போ நான் விடிய ஒரு மணிக்கே போய்ப் புல்லுல குந்திக்கிட்டிருந்தேன். கால் மரத்துப்போச்சு. அது வேற கதை.

2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகும் இதேதான் பார்த்தேன். கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டிய, மட்டக்களப்பு சீயோன் எல்லாத்துக்கும் பிறகு கொஞ்ச ஞாயிறு கோவிலே இல்ல, டிவியில பூசை. திறந்தப்போ வாசல்ல ஆமிக்காரர் பையைச் செக் பண்ணுவார். எங்க வரிசையில ஒரு கிழவி வாராவாரம் பையைத் திறந்து காட்டும்: செபமாலை, பாக்கு, பாக்குவெட்டி. பாக்குவெட்டியை வாங்கி வெச்சுக்குவாங்க. பூசை முடிஞ்சு வாங்கிக்கிட்டுப் போகும். ஒரு ஞாயிறும் விடல. அந்தக் கிழவிக்குப் பயம் இல்லாம இல்ல, கை நடுங்கும். நடுங்குற கையாலதான் பையைத் திறக்கும்.

---

பழையவாத்தியார்
ஜனவரி 22, பகல் 12.40

மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். எபிரேயச் சொல் "எங்கிருந்து" என்றே கேட்கிறது. பழைய மொழிபெயர்ப்புகள் சில அதை வினாவாக எடுக்காமல் முன்வரியோடு சேர்த்துவிட்டன, ஆங்கிலத்திலும் அப்படி நடந்திருக்கிறது. ஆனால் நம் பழைய தமிழ் வேதத்திலும் அடுத்த வசனம் "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து" என்றுதான் போகிறது. ஆகவே புத்தகத்தின் மேல் கோபப்பட வேண்டாம்.

அம்மாவுக்கு இப்போது 121 வேண்டாம் என்றால் 88 வாசித்துக் காட்டலாம். சங்கீதங்களிலேயே இருட்டில் முடிகிற சங்கீதம் அது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்பதோடு நிற்கிறது. ஸ்தோத்திரம் இல்லை, அல்லேலூயா இல்லை. அதையும் வேதத்துக்குள் வைத்துத்தான் நம் கையில் கொடுத்திருக்கிறார்கள். சபைகளில் நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்கிற வசனத்தை வைத்துப் பெண்களின் வாயை அடைப்பதைப் பார்த்திருக்கிறேன். பவுல் துக்கிக்கவே வேண்டாம் என்று எழுதவில்லை. எரேமியாவின் புலம்பலைப் பாருங்கள், அது எழுத்து வரிசையில் கட்டின ஒப்பாரி. நகரமே பெண்ணாக உட்கார்ந்து அழுகிறது. நம் லயத்துக் கிழவிகளுக்கு அது சொல்லிக் கொடுக்காமலே புரியும். பாஸ்டர்மாருக்குத்தான் விளக்க வேண்டியிருக்கிறது.

அம்மா அத்தைக்கு ஒப்பாரி வைத்தார்களா?

---

ஊவாப்பிள்ளை
ஜனவரி 22, இரவு 10.05

இல்ல சேர். எடுத்த அன்னைக்கே அடக்கம். பெட்டியைத் திறக்க விடல. தப்பும் அடிக்கல. பதினாறாம் நாள் காரியம்கூட கேம்ப்ல ஒழுங்கா நடக்கல. அம்மா வேதக் கோயில்காரின்னு ஓரமா நின்னுட்டாங்க.

---

ஜெயஜீவியம்
ஜனவரி 23, காலை 7.10

நான் சொன்னதுல இருந்து மாறல. தேவன் நன்மையாகவே செய்வார்னுதான் நம்புறேன். சாட்சி சொல்றது தப்புன்னு நீங்க எல்லாரும் சொல்ற மாதிரி இருக்கு, அதை ஏத்துக்க முடியாது. உயிர் தப்பினவன் நன்றி சொல்லக்கூடாதா?

ஆனா அந்த இடத்துல சொல்லியிருக்கக்கூடாது. அது சரி. முன்னால உக்காந்திருந்தவங்க வாசல்படியில மண் நிக்கல.

பிரதர், அம்மா இப்ப எதுல சமைக்கிறாங்க? எங்ககிட்ட ரெண்டு அடுப்பு கேஸ் குக்கர் ஒண்ணு சும்மா இருக்கு. எங்க ஊர் பண்டாரவளை. அட்ரஸை தனிச்செய்தியில அனுப்புங்க.

---

சும்மாஒருத்தன்
ஜனவரி 23, காலை 7.31

இதுக்கு நான் அல்லேலூயா சொல்றேன் பிரதர். பதினஞ்சு வருசத்துல முதல் தடவை.

ஊவாப்பிள்ளை, நீயும் ஒரு காரியம் செய். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து மலையைப் பார்த்தாங்களா, உங்க லயத்துக்கு ரிப்போர்ட் இருக்கான்னு ஜீ.எஸ்.கிட்ட (கிராம சேவகர்) எழுத்துல கேளு. வாயால கேக்காத. தாள். உங்க அம்மாவுக்குத் தெரியும் தாளோட அருமை. மேல் லயத்து ஆளுங்க இன்னும் அங்கதான இருக்காங்க? அடுத்த மழை மேல் லயத்துக்கு.

---

ஊவாப்பிள்ளை
மார்ச் 1, 2026, இரவு 9.50

மன்னிக்கணும், ரொம்ப நாளா எழுதல. கடையில ஆள் குறைவு.

போன கிழமை லீவு போட்டு அம்மாவை அங்க கூட்டிட்டுப் போனேன். அவங்களாத்தான் கேட்டாங்க. பஸ்ஸை விட்டு இறங்கி மேல ஏறுற வரைக்கும் ரோட்டையே பார்த்துக்கிட்டு வந்தாங்க. லயம் இருந்த இடத்துல செம்மண்ணுதான். அதுக்கு மேல புல்லு முளைக்க ஆரம்பிச்சிருக்கு. மாட்டுப்பட்டிப் பக்கம் ஒரு தகரம் மட்டும் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. அங்க போய் உக்காந்தாங்க. உக்காந்தவங்க ஆரம்பிச்சாங்க.

நான் அம்மா ஒப்பாரி வெச்சுக் கேட்டதே இல்ல, அப்பாவுக்குக்கூட வெக்கல, அப்ப எங்க சபை ஐயர் வேணாம்னுட்டார். அத்தையோட பேரைச் சொல்லி, கூடையைச் சொல்லி, இடுப்புப் படங்கைச் சொல்லி, ரெண்டு பேரும் ஒரு தடவை நாட்சம்பளப் பேர் வெட்டுப்பட்டு அழுதுக்கிட்டே வந்ததைச் சொல்லி, மாட்டைச் சொல்லி. மாடு பிழைச்சிருச்சு, சொல்ல மறந்துட்டேன். மேல் லயத்துல கட்டியிருக்காங்க. நடுவுல ஆண்டவரையும் கேட்டாங்க. "நீ எங்கய்யா இருந்தே, அவ கயித்தை அவுத்துக்கிட்டு இருக்கயில"ன்னு. மேல் லயத்துப் பொம்பளைங்க சத்தம் கேட்டு இறங்கி வந்து சுத்தி உக்காந்துக்கிட்டாங்க. நாட்டுப் பக்கத்து, அதான் சிங்களக் கிராமத்து, ஒரு கிழவி, கேம்ப்புக்குச் சோத்துப் பார்சல் கொண்டு வந்தவங்க, அவங்களுக்குத் தமிழ் வராது, அவங்களும் வந்து உக்காந்தாங்க.

முடிச்சிட்டு அம்மா தலையைத் தூக்கி மலையைப் பார்த்தாங்க. ரொம்ப நேரம். "அந்தப் பலா மரம் இன்னும் நிக்குது"ன்னாங்க. பிறகு தேத்தண்ணி கேட்டாங்க.

ஞாயிறு கோயிலுக்கு வந்தாங்க. பாடல. நான் பாடினேன், சேர் சொன்ன மாதிரியே சகிக்கல. வீட்டுல பொழுதுபட 121ஐ நான் சொல்றேன், அம்மா நிப்பாட்டல. முதல் வரியை மட்டும் ஹட்டன் அக்கா புத்தகத்துல இருக்கிற மாதிரி சொல்லச் சொல்றாங்க.

ஜீ.எஸ்.கிட்ட கடிதம் கொடுத்தேன். மேல் லயத்துல 14 குடும்பம் கையெழுத்து. கொப்பி ஒண்ணை அம்மா டின்னுக்குள்ள வெச்சிருக்காங்க.

---

குவைத்தில்_இருந்து
மார்ச் 2, அதிகாலை 1.15

மகளுக்கு அனுப்பிட்டேன் இதை.

---

ஜெயஜீவியம்
மார்ச் 2, காலை 6.50

ஸ்தோத்திரம் பிரதர். குக்கர் வந்து சேர்ந்துச்சா? ஒண்ணுமே சொல்லலியே.

---

ஊவாப்பிள்ளை
மார்ச் 2, காலை 7.20

வந்துச்சு அண்ணே, மன்னிச்சுக்கோங்க, சொல்லவே இல்ல. ரெகுலேட்டர்தான் இல்ல.

---

ஜெயஜீவியம்
மார்ச் 2, காலை 7.22

அடடா. அது எங்க வீட்டு அலுமாரியில கிடக்கு. நாளைக்குக் காலை பஸ்ல கொடுத்து விடுறேன், கண்டக்டரைப் பிடிங்க.

---

சும்மாஒருத்தன்
மார்ச் 2, காலை 7.40

டியூப்பையும் பாருங்க பிரதர். பழசுன்னா புதுசு போடணும். இவன் ஹார்ட்வெயார் கடைக்காரன், அவன்கிட்டயே வாங்கலாம்.